கேத வீட்டில் சொல்லக் கூடாதது

சின்னக்கண்மாய்ப்பட்டியில் சாவு விழுந்த வீட்டுக்கு யார் வந்தாலும் ‘வாங்க’ என்று கேட்க மாட்டார்கள். வந்தவர்களும் கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல மாட்டார்கள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். கேதம் கேட்க மறுபடியும் வர வேண்டுமென்றால் அந்த வீட்டில் மறுபடியும் ஒரு சாவு விழ வேண்டுமே! இதை யாரும் உட்கார்ந்து யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாநில ஆறுதல் வாரியத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இப்படியொரு வாரியம் இருப்பதையே கேள்விப்படாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கே எது இடிந்தாலும், எரிந்தாலும், கவிழ்ந்தாலும் மக்கள் மனம் தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இடியாமல் பார்த்துக்கொள்வது வேறு ஒரு துறையின் வேலை. அந்தத் துறையில் ஆள் பற்றாக்குறை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாரியத்தில் அந்தக் குறை கிடையாது.

சின்னக்கண்மாய்ப்பட்டி, திருவாதவூருக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. மேலத் தெருவில் நாலு தூணில் நின்ற பெரிய தண்ணீர்த் தொட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடிந்து விழுந்தது. தண்ணீர் திறந்துவிட்ட நேரம். அடியில் இருந்த குழாயைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள். டிராக்டர் ஓட்டுகிற சோணையின் மனைவி பாண்டீஸ்வரி, அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு குடம் பிடித்து வந்து வீட்டில் வைத்தாள். “இன்னொரு நடை போயிட்டு வாரேன். உலையப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தோடு இறங்கிப் போனாள். அந்த உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது. அவள் திரும்பி வரவில்லை. அவளோடு சேர்த்து ஏழு பெண்கள்.

சோணைதான் தன் டிராக்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலி கட்டி இடிபாட்டை இழுத்தவன். இழுக்கும்போது தூண்களின் வயிற்றைப் பார்த்தான். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துருதான் இருந்தது. சிமெண்டைக் கையில் எடுத்தால் பொரிகடலை மாவு மாதிரி உதிர்ந்தது. அப்போதே டிராக்டரை நிறுத்திவிட்டுக் கிழக்கே திரும்பிப் பார்த்தான். ஏனென்றால் ஊருக்குக் கீழ்ப்பக்கம், பள்ளிக்கூடத்து மைதானத்தில் இன்னொரு தொட்டி நின்றது. இரண்டையும் கட்டியது ஒரே ஒப்பந்தக்காரர். கட்டியது ஒரே கோடையில். திறந்துவைத்தபோது செலவு மிச்சம் என்று ஒரே ரிப்பனைத்தான் இரண்டாக நறுக்கிக் கட்டினார்கள். அந்தத் தொட்டியின் வடக்குத் தூணில் ஒரு வெடிப்பு ஓடி, அதில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. சோணையின் மகள் திவ்யா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பாண்டீஸ்வரியைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே சோணை கேட்கத் தொடங்கினான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தொட்டித் தண்ணீரை இறக்கிவிடுங்கள், அது போதும் என்றான்.

முதலில் போய்ச் சொன்னது தொட்டிக்கு மோட்டார் போடுகிற காளையிடம். காளைக்கு மறுப்பு இல்லை. ஆனால் கையை விரித்தான்.

“வால்வுக் கைப்பிடிய வாரியத்துக்காரக வாங்கிட்டுப் போயிட்டாகண்ணே. பெட்டியில வச்சுப் பூட்டி சீல் வச்சாச்சு.”

“எதுக்குடா?”

“எங்கிட்ட இருந்தா தொறந்துருவேன்னுதான்.”

வாரியத்தின் கள இயக்குநர் ராம்கி மறுநாள் சோணையின் வீட்டுக்கு வந்தார். மதுரைப் பழங்காநத்தத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்து நல்ல பேர் வாங்கியவர். மேடையில் மனிதர்களை எங்கே நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்பது அவருக்குக் கைவந்த கலை என்பதால் இந்தப் பொறுப்பு தேடி வந்தது. மனிதர் கெட்டவர் இல்லை. வாசலில் வந்து நின்று, யாராவது ‘வாங்க’ என்று சொல்வார்கள் என்று வெகுநேரம் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. கடைசியில் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்து, ஆறுதல் சொல்ல நாட்டின் தலைவரே ஊருக்கு வரப்போகிறார் என்றார். அன்றைக்கே மேலிடத்துக்குத் தகவல் போனது: ‘இவ்வூர் மக்களிடம் வரவேற்பு மனநிலை குன்றியுள்ளது.’ மறுநாள் காலையில் ஊர் முகப்பில், வாழைமரம் கட்டி, ‘துயரம் பகிர வரும் தலைவரே, வருக! வருக!’ என்று ஒரு வளைவு எழும்பிவிட்டது.

சோணையின் அக்கா சுந்தரம்மாள் அதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“கேத வீட்டுக்கு வருக வருகன்னு வளைவு வச்ச மொத ஊரு நம்ம ஊருதான்டா தம்பி. இன்னும் என்னென்னத்தப் பாக்கப் போறமோ!”

சோணை ராம்கியிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னான். வெடிப்பைப் பற்றி, துருவைப் பற்றி, ரிப்பனைப் பற்றிக்கூடச் சொன்னான். ராம்கி உருக்கமாகத் தலையாட்டிக் கேட்டார்.

“அண்ணே, ஒங்க கவலை எனக்குப் புரியுது. மேலயும் புரிஞ்சுருக்கு. அந்தத் தொட்டிக்குன்னே தலைவர் பேச்சுல ஒரு பத்தி ஒதுக்கியிருக்கோம். ‘அஞ்ச வேண்டாம்’னு வரும். ரொம்ப நல்லா வந்துருக்கு.”

“பத்தி எதுக்கு சார்? தண்ணிய எறக்கிவிட்டா முடிஞ்சுச்சு.”

“அங்கதாண்ணே சிக்கல். தண்ணிய எறக்கினா நாம பயந்துட்டோம்னு ஆயிரும். அப்புறம் தலைவர் வந்து பயப்படாதீங்கன்னு எப்படிச் சொல்லுவார்? நாடே பாத்துக்கிட்டிருக்கும். தொட்டி நெறஞ்சு நின்னாத்தான் அந்தப் பத்தி நிக்கும்.”

சோணை எழுத்துக் கூட்டிப் படித்தவன்தான் என்றாலும் அப்படியொன்றும் மந்தம் இல்லை. ஆனாலும் பத்தி நிற்பதற்காகத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பது அவன் மூளைக்குள் போகவே மறுத்தது. வயிற்றுக்குள் மட்டும் பயம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

தலைவர் வருவது இரண்டு தடவை தள்ளிப்போனது. வடக்கே எங்கோ ஒரு பாலம் விழுந்து, அவர் அங்கே போக வேண்டியதாகிவிட்டது. “அங்க பன்னெண்டு பேருண்ணே. நமக்கு ஏழுதான. கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று ராம்கி ஏதோ பந்தியில் இடம் இல்லாதவர்களைச் சமாதானப்படுத்துகிறவர் போல வீடு வீடாகச் சொன்னார். அதுவரைக்கும் ஊர் சும்மா இருக்கக் கூடாது என்று ஒத்திகை வைத்தார்கள்.

ஒத்திகைக்குத் தலைவருடைய உயரத்தில் ஓர் ஆளை மதுரையிலிருந்து காரில் அழைத்து வந்தார்கள். கோச்சடைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர். தோள் அகலம்கூடத் தலைவருக்கு அப்படியே பொருந்தியது. செத்துப்போன பெண்களின் வீட்டு ஆண்களை ஒவ்வொருவராக அவர் தோளில் சாயச் சொன்னார்கள். ஒருவர் நெட்டை. அவர் சாய்ந்தால் ஆறுதல் சொல்வது யார், வாங்குவது யார் என்றே தெரியவில்லை. இன்னொருவர் குட்டை. அவர் முகம் தலைவரின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சோணையின் நெற்றி மிகச் சரியாகத் தோளில் போய் உட்கார்ந்தது. ராம்கி கைதட்டினார். அந்த இடத்திலேயே சோணைக்கு ‘முதன்மை ஆறுதல் பெறுநர்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

“இப்ப அழுங்கண்ணே.”

சோணைக்கு அழுகை வரவில்லை. ஜவுளிக் கடைக்காரரின் காதுக்குப் பக்கத்தில் வாய் இருந்ததால், “அந்தத் தொட்டித் தண்ணிய எறக்கிவிடச் சொல்லுங்கய்யா” என்றான். பழக்கதோஷம். அவனுக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் அந்த ஒரு பேச்சுத்தான் வந்தது.

“எனக்கு என்ன தெரியும் தம்பி, நான் சேலை விக்கிறவன்” என்று அந்த மனுசர் கண் கலங்கிவிட்டார். அந்த ஒத்திகையில் உண்மையாக அழுதது அவர் ஒருவர்தான்.

சுந்தரம்மாள் சும்மா இருக்கவில்லை. தலைவர் பேச்சின் கடைசி வரி என்ன என்று ராம்கியிடம் கேட்டாள். ‘போய் வருகிறேன், மீண்டும் மீண்டும் வருவேன்’ என்று அவர் பெருமையாகச் சொல்லிக் காட்டினார். அவள் முகம் வெளுத்துப் போனது.

“அய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அத மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லிருங்க. கேதத்துக்கு வந்தவுக வாரேன்னு சொல்லக் கூடாது. இன்னொன்னு விழுந்துரும்.”

“அக்கா, அந்த வரி அப்ரூவ் ஆயிருச்சு. இனி மாத்தணும்னா மொத்தப் பேச்சும் திரும்ப மேல போகணும்.”

இதற்கிடையில் கீழத் தொட்டி உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுக்க ஒரு பொறியாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றபடியே செல்போனை உயர்த்திப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கிட்டக்க வந்து அந்த வெடிப்பப் பாருங்க சார்” என்று சோணை கும்பிட்டுக் கேட்டான்.

“கிட்டக்கப் போய்ப் பார்த்தால் மக்கள் சந்தேகப்பட மாட்டார்களா?” என்றார் பொறியாளர். “நான் தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது. பதற்றம் வராமலும் பார்க்க வேண்டும். ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் என்பது நம்பிக்கைதான். மீதியெல்லாம் கணக்கு.”

சான்று கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அடைத்துக் கிடந்த பள்ளிக்கூடத்தை அடுத்த நாளே திறந்தார்கள். சோணை மகளை அனுப்பவில்லை. பத்து மணிக்கு வாரியத்தின் கார் வாசலில் வந்து நின்றது. தாயை இழந்த பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினால்தான் நாடு தேறும் என்று சொல்லித் திவ்யாவைப் பாட்டு ஒத்திகைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் ஒருவரும் கூட வந்திருந்ததால் சோணை வாசலிலேயே நின்றுவிட்டான். அன்றைக்கு இரவு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைவர் வரும் நாளும் வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில், தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில்தான் மேடை போட்டிருந்தார்கள். காலையில் பாதுகாப்பு அதிகாரி வந்தார். விறைப்பான மனிதர். தொட்டியை அண்ணாந்து பார்த்தார். தூணைச் சுற்றி வந்தார். வெடிப்பில் விரலை வைத்து ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். சோணைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இத்தனை நாளில் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்த முதல் அதிகாரி அவர்.

“இது எந்த நேரத்திலும் விழும்” என்றார் அதிகாரி.

“அதத்தான் சார் நானும் சொல்லுறேன்!”

அதிகாரி டேப்பை எடுத்து, தொட்டியின் உயரத்தைக் கணக்குப் பண்ணி, அது சாய்ந்தால் எதுவரைக்கும் விழும் என்று தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். “மேடையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றுங்கள்” என்றார். பத்து ஆட்கள் ஓடிவந்து மேடையைப் பிரித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெரிய அதிகாரிகளின் நாற்காலிகளும் கூடவே போயின.

“பிள்ளைக?” என்றான் சோணை. பாடுகிற பிள்ளைகளுக்குத் தொட்டிக்கு நேர் கீழே பாய் விரித்திருந்தார்கள். வெயில் படக் கூடாது என்ற அக்கறை.

“என் பொறுப்பு தலைவர் மட்டும்தான்” என்றார் அதிகாரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் தணிந்த குரலில், “எனக்கும் பிள்ளை இருக்கிறது” என்றார். இருந்தும் கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

சோணை ராம்கியைத் தேடி ஓடினான். பாயை மட்டுமாவது நகர்த்துங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கேமராவில் தலைவரும் பிள்ளைகளும் நிறைந்த தொட்டியும் ஒன்றாகத் தெரிய வேண்டும், நகர்த்தினால் படம் கெட்டுவிடும் என்று ராம்கி விளக்கினார். அவரும் வியர்த்துப் போயிருந்தார். “இன்னும் ஒரு மணி நேரம்ண்ணே. ஒண்ணும் ஆகாது. சாமிய வேண்டிக்கங்க” என்றார். மாநில ஆறுதல் வாரியம் அன்று சொன்னதில் உண்மையான ஆறுதல் அது ஒன்றுதான்.

தலைவர் வந்தார். வளைவைத் தாண்டி வரும்போது மைக்கில் ‘வருக வருக’ என்றார்கள். கேத வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகள் பாடினார்கள். திவ்யா முதல் வரிசையில், புது ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேர் மேலே தொட்டி, வழிய வழிய நிறைந்து நின்றது. சோணையை மேடையில் ஒரு பெருக்கல் குறி போட்ட இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

தலைவர் நேராக வந்து அவனைக் கட்டிப்பிடித்தார். நெற்றி தோளில் சரியாக உட்கார்ந்தது. கேமராக்கள் முன்னால் நெருங்கின. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்று சோணைக்குத் தெரியும். அவர் காதோடு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“அய்யா, எம்பொண்டாட்டி போயிட்டா. அத விடுங்க. எம்பிள்ள அந்தத் தொட்டிக்கு அடியில ஒக்காந்துருக்கு. தூணு வெடிச்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, தண்ணிய எறக்கிருவாக. ஒரே வார்த்த.”

தலைவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்குக்குப் போனார்.

“என் அன்பு நாட்டு மக்களே! மனைவியைப் பறிகொடுத்த இந்தச் சகோதரர் இப்போது என் காதில் என்ன சொன்னார் தெரியுமா? ‘அய்யா, நாங்கள் பயப்படவில்லை’ என்றார்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தான் அப்படித்தான் சொல்லிவிட்டோமோ என்று ஒரு கணம் சோணைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“விழுந்தது ஒரு தொட்டி. எழுந்து நிற்பது ஒரு நாடு” என்று தலைவர் தொடர்ந்தார். “நேற்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இந்தப் பேச்சை எழுதியவர்களுக்கும் இல்லை. யார் காரணம் என்று சிலர் கேட்கிறார்கள். துயர நேரத்தில் காரணம் கேட்பது நம் பண்பாடு அல்ல. துயரம் ஆறிய பிறகு கேட்டால், அது ஆறிய புண்ணைக் கிளறுவது. ஆகவே எந்த நேரத்திலும் கேட்காமல் இருப்பதே பெருந்தன்மை. இந்தத் தொட்டியையும் அதே கைகள்தான் கட்டின என்று பீதி கிளப்புகிறார்கள். ஆமாம், அதே கைகள்தான். மறைக்கவில்லை. அது விழுந்துவிட்டது. இது விழவில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்? இதோ, இந்தத் தொட்டியின் தண்ணீரை உங்கள் முன்னால் குடிக்கிறேன்.”

ராம்கியின் ஆள் மேடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தான். தலைவர் குடித்தார். நாடு நிம்மதியாக மூச்சுவிட்டது.

சோணையின் கழுத்திலிருந்த அட்டையை யாரோ கழற்றினார்கள். “ஒங்க வேலை முடிஞ்சதுண்ணே, எறங்கிக்கங்க.” அவன் இறங்கினான். அதற்குப் பிறகு அவனை யாரும் கவனிக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, பாய்க்குப் பக்கத்தில் போய், “திவ்யா, எந்திரிச்சு வா தாயி” என்று கூப்பிட்டான். திவ்யா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தொட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வரிசை கலையக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னார். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் மற்றப் பிள்ளைகள் அங்கேதானே இருக்கும் என்று சோணைக்குத் தோன்றியது.

திரும்பி மோட்டார் அறைப் பக்கம் நடந்தான். அதற்குப் பின்னால் காளை நின்றான். இடுப்பில் செருகியிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்துச் சோணையின் கையில் வைத்தான். தொட்டியைக் கழுவும்போது தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு அங்கேதான் இருந்தது. கைப்பிடி இல்லாத தண்டில் ஸ்பேனரை மாட்டி, டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிப் பழகிய கையால் சோணை திருகினான். துரு முனகியது. அப்புறம் வழிவிட்டது.

தண்ணீர் பீறிட்டு மைதானத்தில் பாய்ந்தது. நல்ல தெளிந்த தண்ணீர். பாயை நனைத்து, சுண்ணாம்புக் கோட்டை அழித்து, மேடைக்கு முன்னால் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்துக்குள் புகுந்தது. பிள்ளைகள் ஒருகணம் திகைத்தார்கள். அப்புறம் ஒரே கூச்சல். வரிசையாவது ஒன்றாவது, அத்தனையும் எழுந்து தண்ணீரோடு குதித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்கு ஓடின. திவ்யாவும் ஓடினாள். அம்மா போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் சோணை பார்த்தான். அவன் ஸ்பேனரைப் பிடித்தபடியே ஓவென்று அழுதான். ஒத்திகையில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

தலைவர் காலடியைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் தண்ணீரைப் பற்றி எதுவும் இல்லை. ஆனாலும் இத்தனை வருட அனுபவம் வீண்போகுமா?

“பாருங்கள்! இந்தத் தொட்டியும் நம்மோடு சேர்ந்து கண்ணீர் விடுகிறது!”

மைதானம் அதிர்ந்தது. சிலர் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

போலீஸ்காரர்கள் சோணையைப் பிடித்து, மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்ற வேனில் ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம், அதோடு ஆறுதலுக்கு இடையூறு. ராம்கி வேன் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். நிஜமாகவே மனம் ஒடிந்து போயிருந்தார்.

“ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க? நல்லாத்தான சாஞ்சீங்க?”

“சார், தண்ணி முழுசும் எறங்கட்டும் சார். என்னய என்ன வேணாலும் பண்ணுங்க. அது எறங்கட்டும்.”

ராம்கி திரும்பித் தன் ஆளுக்குக் கைகாட்டினார். சீல் வைத்த பெட்டி வந்தது. கைப்பிடியை எடுத்து மாட்டி வால்வை அடைத்தார்கள். தலைவர் கிளம்புவதற்கு முன்னால் நிறைந்த தொட்டியும் அதன் அடியில் பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. இயல்பு நிலை திரும்பிவிட்டது என்று சாயங்காலச் செய்திக்கு அந்தப் படம்தான் போக வேண்டும். காளை மோட்டார் போட மாட்டேன் என்றான். அவனைத் தள்ளிவிட்டு வேறு ஆள் போட்டான். மோட்டார் உறுமத் தொடங்கியது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து பிள்ளைகளை ஓட்டிவந்து, ஈரப் பாயை எடுத்துவிட்டுக் காய்ந்த பாய் விரித்து, பழையபடி வரிசையாக உட்கார வைத்தார்கள்.

தலைவர் பேச்சின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கி, கேத வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கைகூப்பித் திரும்பினார்.

“தாய்மார்களே, நான் போய் வருகிறேன். நிச்சயமாக மீண்டும் வருவேன். மீண்டும் மீண்டும் வருவேன்!”

சுந்தரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். “வராதிங்கய்யா! ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், இனிமே வராதிங்கய்யா!” அவளுக்குப் பின்னால் அத்தனை பெண்களும் எழுந்து கதறினார்கள். மண்ணை வாரி இறைத்தார்கள். “வராதிங்கய்யா, வராதிங்க!” பேண்டு வாத்தியமும் மோட்டார் சத்தமும் சேர்ந்ததில் மேடைப் பக்கம் கதறல் மட்டும்தான் கேட்டது. தலைவர் நெகிழ்ந்துபோய் நெஞ்சில் கை வைத்தார். பக்கத்தில் நின்ற செய்தியாளர் கேமராவைப் பார்த்து, பிரிய மனமில்லாமல் மக்கள் கதறி அழுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன் புறப்படத் தயாரானது. சோணை கம்பியைப் பிடித்துக்கொண்டு, “திவ்யா! எந்திரிச்சு ஓடு தாயி! அத்தகிட்டப் போ!” என்று தொண்டை கிழியக் கத்தினான். மோட்டார் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா எங்கேயோ போகிறார், தன்னிடம் சொல்லிக்கொள்கிறார் என்று மட்டும் நினைத்தாள். தொட்டிக்கு அடியிலிருந்து கையை உயர்த்தி ஆட்டினாள்.

“போயிட்டு வாங்கப்பா!”

அந்த வாயசைப்பு அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ‘வாரேன்’ என்று சொல்ல வாயெடுத்தான். பாண்டீஸ்வரி காலிக் குடத்தோடு வாசலில் இறங்கியது கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். வேன் வளைவைத் தாண்டி ரோட்டில் ஏறும் வரைக்கும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.